அமைதியான மனுஷன்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். சென்னைக்காரர்கள். பையனும் இவளும் ஒரே ஆபீஸ். பேசிப் பழகிப் பிடித்துப்போய்... பெரியவர்கள் சம்மதம்தான் பாக்கி.

முந்தின நாளே மகள் எங்கள் ஊர் வி.கே.புரம் வந்துவிட்டாள்.

"அப்பா, கோவிச்சுக்கிடாதீங்க. அவங்க முன்னால பைய பேசுங்க. என்னை 'ஏட்டி'ன்னு கூப்பிடாதீங்க."

"ஏன்ட்டி?"

"பாத்தீங்களா! அங்கன அது மரியாதை இல்லாத பேச்சுப்பா. திட்டுதீங்கன்னு நெனப்பாங்க."

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் நூல் மில்லில் வேலை பார்த்தவன். மெஷின் இரைச்சலில் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். நான் ரிட்டயர் ஆனேன். தொண்டை ஆகவில்லை. பையப் பேச வராது. அதனால் பேசுவதே இல்லை என்று முடிவு செய்தேன்.

வந்தார்கள்.

"ஊர் ரொம்ப அழகா இருக்கு சார்" என்றார் பையனின் அப்பா. தலையாட்டினேன். "ஆத்துல வருஷம் பூரா தண்ணி ஓடுமா?" தலையாட்டினேன்.

அப்போது பக்கத்து வீட்டுச் சுடலை காபியோடு வந்தார். என்னோடு மில்லில் இருந்தவர்.

"என்னவே, ஊமைச்சாமி கணக்கா இருக்கீரு? வாயில கொழுக்கட்டையா? பேசும்வே!"

அதுவும் மில் குரல். பையனின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஏதாவது பிரச்சினையா சார்?"

இல்லை என்று தலையாட்டினேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலை வெளியே போய்விட்டார்.

பேச்சை வைத்து ஆளை எடை போடுவதில் நாங்கள் மட்டும் யோக்கியமா? கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மில்லுக்கு ஒரு மேஸ்திரி வந்தார். "வாங்கண்ணா, போங்கண்ணா" என்பார். பயந்த ஆள் என்று முதல் நாளே முடிவு கட்டினோம். அவர் யாருக்கும் பயப்படாதவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆளைப் பார்க்கும் முன்னால் பேச்சைப் பார்க்கிறோம். எல்லா ஊரிலும் இப்படித்தான் போல.

செவ்வாய்க்கிழமை மகள் போன் செய்தாள். சிரிப்பும் அழுகையுமாக.

"சம்மதம்னுட்டாங்கப்பா! உங்கள ரொம்பப் பிடிச்சிருக்காம். எவ்வளவு அமைதியான மனுஷன்னு சொல்லிச் சொல்லி மாயுதாங்க. பக்கத்து வீட்டுக்காரர்தான் கொஞ்சம் முரடு போலன்னாங்க."

அந்த முரடர்தான் ஞாயிறு காலையிலிருந்து நாற்காலி தூக்கி, பால் வாங்கி, காபி போட்டவர். இவள் அம்மா தவறிப்போன பிறகு இந்த வீட்டுக்குள் வந்து போகிற ஒரே ஆளும் அவர்தான்.

"சந்தோஷம்" என்றேன். பையத்தான் சொன்னேன்.

"கல்யாணத்துலயும் இப்படியே இருந்துக்கிடுங்க. என்னப்பா?"

"ம்."

ஆக, இனி ஆயுசுக்கும் நான் அமைதியான மனுஷன். மகள் வீட்டுக்குப் போனாலும் தலையாட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

போனை வைத்தேன். வீட்டில் யாரும் இல்லை. மில்லில் கத்துகிற மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன் — "ஏட்டி!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுடலை கேட்டார். "யாரவே கூப்பிடுதீரு?"