போவதற்கும் ஓர் அனுமதி

நாச்சியாபுரத்தில் சிவரஞ்சனியைப் பலர் மலேசியாக்காரி என்றுதான் சொல்வார்கள். பிறந்தது கிள்ளான். அங்கே சாப்பாட்டுக்கடை வேலைக்கு வந்த சேவுகனைக் கட்டிக்கொண்டு, அவன் ஊர் திரும்பியபோது கூடவே வந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. பாஸ்போர்ட் மட்டும் மலேசியாவுடையதாகவே இருந்தது. விசா முடியும் சமயம் சேவுகனே எல்லாம் பார்த்துக்கொள்வான். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவள் வேலை முடிந்துவிடும்.

போன ஆடியில் வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. அந்தத் துக்கத்தில் விசாவை யார் நினைத்தார்கள்?

ஐப்பசியில் கிள்ளானிலிருந்து தம்பி போன் செய்தான். "அம்மாவுக்கு ரொம்ப முடியலக்கா. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

நாத்தனார் பொன்னுத்தாயி துணைக்கு வர, மறுநாளே திருச்சி விமான நிலையத்துக்குப் போனாள். உள்ளே பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"விசா முடிஞ்சு போச்சேம்மா. அனுமதி வாங்காம அனுப்ப முடியாது."

"இங்க இருக்கணும்னு கேக்கலையே சார். எங்கம்மாவைப் பாக்கத்தானே போறேன்."

"போறதுக்கும் அனுமதி வேணும்மா."

அவர் குரலில் கடுமை இல்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த அனுமதியைக் கேட்டுப் போன சிவகங்கை எஸ்.பி. ஆபீசில் ஒரு பெண் போலீஸ் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "இப்ப இங்குட்டு வாங்குறதில்லைக்கா. ஆன்லைன்ல போடணும். சென்னையில பாத்துத்தான் குடுப்பாக."

காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டார்கள். அதில் சேவுகனின் இறப்புச் சான்றிதழையும் கேட்டிருந்தது. அதை எடுத்துக் கொடுக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அனுமதி வருமுன் அம்மா போய்விட்டாள்.

தம்பி இறுதிச் சடங்கை வீடியோவில் காட்டினான். பொன்னுத்தாயிதான் போனைப் பிடித்துக்கொண்டாள். பாடையைத் தூக்கும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது வாசலில் கூட்டம் இல்லை. ஒரு பெண் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். "அம்மா" என்று ஒருதரம்தான் கூப்பிட்டாள் சிவரஞ்சனி.

அதற்கப்புறம்தான் நாட்டைவிட்டுப் போகலாமென்று அனுமதி வந்தது.

"போயி தம்பியையாச்சும் பாத்துட்டு வாங்க மதினி" என்றாள் பொன்னுத்தாயி.

"போனா மறுபடி விசா கெடைக்கணும் பொன்னு. கெடைக்கலைன்னா? அவரு இங்கதானே கெடக்காரு."

மறுபடியும் அதே சென்டருக்குப் போனார்கள், இந்த முறை தங்குவதற்கு அனுமதி கேட்க. எதற்காக இந்தியாவில் இருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருப்பதாக அங்கிருந்த பெண் சொன்னாள். சிவரஞ்சனி பொன்னுத்தாயியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஆளுன்னு போடும்மா" என்றாள் பொன்னுத்தாயி.

அந்தப் பெண் தயங்கிவிட்டு, இந்தியரின் விதவை என்று அடித்தாள்.

தை பிறக்குமுன் ஒரு வருடத்துக்கு அனுமதி கிடைத்தது. சிவரஞ்சனி நாச்சியாபுரத்தில்தான் இருக்கிறாள். தம்பி எப்போதாவது போன் செய்கிறான். எப்போது வருகிறாய் என்று மட்டும் அவன் கேட்பதில்லை.