சட்டையில் ஒட்டாத வெள்ளை

என் கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பதில் இன்னும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் குடியிருக்கும் மகள் போனில் கேட்டாள். பொங்கலுக்கு மொட்டைமாடிச் சுவருக்கு வெள்ளை அடிக்கப் போகிறார்களாம், சுண்ணாம்பில் என்ன கலந்தால் உதிராமல் இருக்கும் என்று. போனில் எனக்குப் பேச்சு வராது. “உப்பு” என்றேன். “பொறவு?” என்றாள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குறிப்பு சின்னதுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே மண்பானையில் தண்ணீர் விட்டு நீற்ற வேண்டும். அது கொதிக்கும், எட்ட நிற்க வேண்டும். ஆறியதும் பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு கை கல்லுப்பும் சோறு வடித்த கஞ்சியும் சேர்க்க வேண்டும். வேட்டிக்குப் போடுகிற அளவுக்கு நீலம். முதல் பூச்சு அடிக்கும்போது வெறும் தண்ணீர் தெளித்த மாதிரிதான் இருக்கும், பயப்படக் கூடாது. காய்ந்தால்தான் வெளுக்கும். இதோடு முடித்திருக்கலாம். கருப்பட்டியைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம் என்று நினைத்தேன். அது ஒரு வரியில் நிற்கவில்லை.

அப்போது எனக்கு ஆறோ ஏழோ வயது. எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து ஆறு இறங்கி வருகிற வழியில் இருக்கிறது. அப்பா பம்பாயில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தார். பொங்கலுக்குத் தவறாமல் வந்துவிடுவார். வந்ததும் வாசல்படிக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு, புதிதாக வெள்ளை அடித்த சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார். எழுந்திருக்கும்போது சட்டை முதுகு முழுக்கச் சுண்ணாம்பாக இருக்கும். அம்மா அவரைத் திருப்பி நிறுத்தித் தட்டிவிடுவாள். தட்டுகிற சாக்கில் நாலு அடி பலமாகவே விழும். வருடா வருடம் இது நடக்கும். சுண்ணாம்பு என்று தெரிந்தும் அப்பா ஏன் அதிலேயே போய்ச் சாய்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் ஆடிக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பம்பாயிலிருந்து வந்த ஊர்க்காரர் ஒருவர், பழைய இடத்தில் அவர் இல்லை, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள். என் தலையைத் தடவினார்கள். தடவியவர்களில் பாதிப் பேர் தின்பதற்கும் ஏதாவது கொடுத்ததால் எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

மார்கழி வந்தது. ஊர் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும்தான் அந்த வருடம் வெள்ளை அடிக்க மாட்டார்கள், பொங்கலும் கிடையாது. தெருவில் போகிறவருக்குச் சுவரைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலையில் பெரியப்பா வந்தார். கெட்ட மனிதர் இல்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அம்மாவைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

“இந்த வருசம் வெள்ளை கிள்ளை ஒண்ணும் அடிக்காண்டாம் தாயி. பைய பாப்போம். நாலு பேரு நாலு விதமா பேசுவாவ.”

அம்மா, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாளையங்கோட்டைக்குப் பால் கொண்டுபோகிறவரிடம் சொல்லி அனுப்பி, மாமாவை வரவழைத்தாள்.

மாமா, அம்மாவின் தம்பி. பாளையங்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கிற வேலை. பொட்டலத்துக்கு வரும் பழைய பத்திரிகைகளில் வீட்டுக் குறிப்பு என்று எது இருந்தாலும் படித்துவிட்டுத்தான் மடிப்பார். பாதித் தாள் கிழிந்திருக்கும். மீதிக் குறிப்பை அவரே யோசித்து நிரப்பிக்கொள்வார். விரிசல்விட்ட பிளாஸ்டிக் வாளியைச் சூடாக்கிய கரண்டியால் ஒட்டிக் கொடுத்தார், அது பல காலம் உழைத்தது. பல்லி வராமலிருக்க முட்டை ஓட்டைக் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் அந்த ஓட்டின் மேலேயே ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது.

வந்தவர் பனைமட்டை நுனியைத் தட்டி நசுக்கி, சுண்ணாம்பு அடிக்கும் மட்டை செய்தார். அம்மா உப்பையும் கஞ்சியையும் கொண்டுவந்து வைத்தாள்.

“இது பத்தாதுக்கா. கருப்பட்டி போடணும்.”

“ஏலே, சொவத்துக்கு என்ன பாயசமா வைக்கப் போற?”

“சிரிக்காத. அந்தக் காலத்து மண்டபமெல்லாம் எப்படி நிக்கின்னு நெனைக்க? கருப்பட்டித் தண்ணியிலதான்.”

“அது கொத்தனாரு செஞ்ச வேலை. நீ பொட்டலம் மடிக்கவன்.”

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பானையைக் கிண்டிக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்.

“அத்தான் வந்து சாஞ்சா சட்டையில ஒட்டக் கூடாதுல்லாக்கா. அவிய என்னைக்கு வாராவளோ, அது வரைக்கும் நிக்கணும்லா.”

அம்மா உள்ளே போய், பொங்கலுக்கென்று எடுத்து வைத்திருந்த கருப்பட்டி முழுவதையும் கொண்டுவந்து, அவளே உடைத்து வெந்நீரில் போட்டாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சர்க்கரைப் பொங்கலுக்கு இருந்த கருப்பட்டியைச் சுவர் தின்னப் போகிறதே என்று. அம்மாவின் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அவளுக்கும் அதே கவலைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா அடித்து முடித்தார். சுவர் காய்ந்தபோது வெள்ளையாக இல்லை. பழுப்பேறிய வேட்டி நிறத்தில் இருந்தது. அடியில் காவிப் பட்டை போட்டதும் கொஞ்சம் எடுப்பாகத் தெரிந்தது. பெரியப்பா அந்த வழியாகப் போனார். நின்று பார்த்துவிட்டு நடந்தார்.

பொங்கலன்று விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போன அம்மா, சாணி வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். முன்சுவர் முழுக்க எறும்பு. கதவு நிலைக்கு மேலே ஒரு சாரை, சன்னலைச் சுற்றி ஒரு சாரை. ஊரிலிருந்த எறும்பெல்லாம் எங்கள் வீட்டுக்குப் பொங்கல் கொண்டாட வந்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டு அத்தை கோலமாவுக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள்.

“ஏளா, ஒங்க வீட்டுச் சொவரு நடந்து போவுதே!”

அதைக் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து வந்தார்கள். அதற்கு அடுத்த வீட்டிலிருந்தும் வந்தார்கள். “சொவத்துல நாக்க வச்சிப் பாரு, இனிக்கும்” என்று ஒருத்தி என்னைத் தள்ளிவிட்டாள். நான் வைத்தும் பார்த்தேன். கரித்தது, நாக்கும் எரிந்தது. இத்தனை நாளும் எங்கள் வாசலில் குரலைத் தாழ்த்திப் பேசியவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா மஞ்சள்பொடி டப்பாவோடு அங்குமிங்கும் ஓடினார். எறும்பு மஞ்சளுக்குப் போகாவிட்டால் என்ன செய்வது என்கிற பகுதி கிழிந்துபோயிருக்க வேண்டும்.

“வெரட்டாதலே” என்றாள் அம்மா. “நல்ல நாளும் அதுவுமா வந்துருக்கு. தின்னுட்டுப் போவட்டும்.” சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு எங்கள் வாசலில் பால் பொங்கியது. சர்க்கரைப் பொங்கலுக்கு எதிர்வீட்டு அத்தை கருப்பட்டி கொடுத்தாள்.

மாசியில் ஒரு மத்தியானம் அப்பா வந்து நின்றார். மெலிந்து, முடி கொட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தார். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், வேலை போனதும், வெறுங்கையோடு ஊருக்கு வர வெட்கப்பட்டு எங்கெங்கோ அலைந்ததும் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் பலகையை எடுத்துப் போட்டு, வழக்கமான இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“என்ன, சொவரு பழுப்பா இருக்கு?”

“ஒம்ம மச்சினன் வேலை” என்றாள் அம்மா.

எழுந்தபோது அவரைத் திருப்பி நிறுத்தினாள். நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். மாமா ஜெயித்துவிட்டார்! சட்டையில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

“ஒண்ணும் ஒட்டலம்மா” என்றேன்.

அம்மா கேட்கவில்லை. அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பலமாக இல்லை, பைய. அப்பாவும் திரும்பாமல் அப்படியே நின்றார். ஒட்டவே ஒட்டாத சுண்ணாம்பை இவ்வளவு நேரம் எதற்குத் தட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் விளையாடப் போய்விட்டேன்.

இதை எழுதி முடிக்கிற இன்று மார்கழி இருபத்திரண்டு, மத்தியானம். எங்கள் வீட்டுக்கு முதல் பூச்சு அடித்தாகிவிட்டது. இன்னும் வெளுக்கவில்லை.