மாடி வீட்டு ஃபோன்

வெள்ளிக்கிழமை என்றாலே மத்தியானத்திலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த கீழ்ப் போர்ஷனில் ஃபோன் கிடையாது. மஸ்கட்டில் வேலை பார்த்த என் கணவர் மாடியில் இருந்த வீட்டுக்கார மாமியின் நம்பருக்குத்தான் கூப்பிடுவார். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. இங்கே அது டிவியில் சினிமாப் பாட்டு போடும் சாயங்காலம். மாமி, மாமா, பிள்ளைகள் என்று வீடே ஹாலில் உட்கார்ந்திருக்கும்.

"ஏம்மா, உங்காத்துக்காரர் லைன்ல இருக்கார். சீக்கிரம் வா" என்று மாமி படியில் நின்று கூப்பிடுவாள். நான் ஓடிப்போய் ரிசீவரை எடுத்ததும் பெரிய மனசு பண்ணி டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். அதைவிடக் கொடுமை வேறில்லை. வாரம் பூராவும் காத்திருந்த பாட்டை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். காது மட்டும் என் பக்கம் இருக்கும். உள்ளங்கை வேர்த்து ரிசீவர் வழுக்கும். "ம்... சரி... நல்லாருக்கேன்... நீங்க?" அவ்வளவுதான் வரும்.

அவர் லீவில் வந்துவிட்டுப் போன வருடம் எனக்குக் கரு கலைந்தது. மூன்று மாதம் முடியாமல் வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். உண்டானதே அவருக்கும் என் அம்மாவுக்கும்தான் தெரியும். கலைந்ததைக் கடிதத்தில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. என் வாயால் சொல்ல வேண்டும், உடனே அவர் ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நானாக அவரைக் கூப்பிடவும் வழியில்லை, அவர் தங்கியிருந்த இடத்தில் ஃபோன் இல்லை, வெளியே ஒரு பூத்திலிருந்துதான் பேசுவார். அந்த ஹாலை விட்டால் கதி இல்லை.

அடுத்த வெள்ளி, "உடம்பப் பாத்துக்கிறியா?" என்றார். "ம்" என்றேன். அதற்கடுத்த வெள்ளி, பேர் யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கும் "ம்" என்றேன். கீழே வந்து வாந்தி எடுத்தேன்.

"இது வயித்துக் கோளாறு இல்லம்மா, டென்ஷன். எதையும் மனசுல போட்டு வெச்சுக்காதீங்க" என்றார் டாக்டர். சொல்ல அவருக்கென்ன!

கடைசியில் எனக்கே அலுத்துப்போயிற்று. பயப்படக்கூடத் தெம்பில்லை. அந்த வெள்ளிக்கிழமை ரிசீவரை எடுத்ததும், "கலைஞ்சு போச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் அவர், "ம்... சரி... நீ நல்லாருக்கியா?" என்றார், ஆபீஸில் மேலதிகாரியிடம் பேசுகிற குரலில். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா என்று கேட்க வாயெடுத்தேன்.

"அண்ணே, சீக்கிரம் முடிங்க. நாங்களும் ஊருக்குப் பேசணும்ல" என்று அவருக்குப் பின்னால் யாரோ சொன்னது கேட்டது. வேறு யாரோ சிரித்தார்கள். லீவு நாளில் அந்த பூத் வாசலில் கூட்டம் நிற்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை பேர் முதுகுக்குப் பின்னால் நிற்க, இவரும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் நல்லாருக்கேன். நீங்க வெச்சிடுங்க" என்றேன்.

அவர் வைக்கவில்லை. அழவும் முடியாமல், வைக்கவும் மனமில்லாமல், லைன் தானாகக் கட்டாகும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றிருந்தோம்.