உடுப்பிட்டியில் சுவரேறிய ஓடுபாதை

அரியாலையில் இருந்து உடுப்பிட்டிக்குப் போய்வந்ததற்கெல்லாம் பயணக் கட்டுரை எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. போன சனிக்கிழமை போனேன். காரணம் என் மகள் அபி. பாடசாலை ரோபோ அணிக்கு அவள்தான் தலைவி. மற்ற ஊர்ப் பாடசாலைகளுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குவதும் அணியின் வேலை. கூடப் பெரியவர் ஒருவர் போகவேண்டுமாம். அந்தப் பெரியவர் நான். ரோபோவைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது எங்கள் சாப்பாட்டு மேசையை மாதக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கிறது என்பது மட்டும்தான்.

உடுப்பிட்டிப் பாடசாலையில் சனி காலையில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதில் கிழமைதோறும் ரோபோக் கழகம் நடத்த அபி அனுமதி கேட்டிருந்தாள். அதிபருக்கோ அதைக் கணித ரியூசனுக்குக் கொடுக்க விருப்பம். "வந்து செய்து காட்டுங்கோ, பிறகு பாப்பம்" என்றிருந்தார். அந்தப் "பாப்பம்" அபியைச் சாப்பிடவிடவில்லை.

காலை ஏழேகாலுக்கு வான் வந்தது. போய்வர வாடகை ஒன்பதாயிரம். உரும்பிராயில் அணியின் மற்ற இரண்டு பிள்ளைகளையும் ஏற்றினோம். ஓட்டுநர் சிவம் அண்ணை பின்னால் இருந்த ரோபோப் பெட்டியையும் சுருட்டிய துணிப் பனரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பிள்ளை, உது என்னெண்டு ஓடும்?"

"கறுப்புக் கோடு ஒண்டைப் பாத்து ஓடும் அண்ணை. கோட்டைத்தான் அந்தப் பனரிலை அடிச்சுக்கொண்டு வாறம்."

"அப்ப றைவர்?"

"றைவர் தேவையில்லை."

வல்லைவெளி தாண்டும்வரை அவர் ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே ஓட்டினார். அந்தத் திறந்த வெளியில் காற்று வானையே தள்ளுகிறது. யன்னலைச் சாத்திவிடுங்கள். முப்பது கிலோமீற்றர் அளவில் ஓடி எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் பெற்றோர் சங்கத்து ஐயா ஒருவர் ஓடிவந்து வரவேற்றார். சுருட்டிய பனரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பனரும் கொண்டந்தனியளோ? தாங்கோ, தாங்கோ!" சிவம் அண்ணை தூக்கிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் பெட்டியோடு முன்னே போய்விட்டார்கள். நான் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மண்டபத்துக்குள் போனால், மேடைக்கு மேலே சுவரில் நாலு மூலையும் ஆணி அடித்து, அழகாகத் தொங்குகிறது பனர். வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு வளைந்து வளைந்து போகிறது. பக்கத்தில் இருந்த தாய்மார் இருவர் அதை ஆராய்ந்தார்கள். "எங்கடை வடமராட்சி வரைபடமாக்கும்" என்றார் ஒருவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. படம் எடுத்து வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். வானில் அபி சொன்னது என் மண்டையில் ஏறவேயில்லை.

மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, இன்னொரு ஆசியுரை. இடையில் அபி என் காதுக்குள் கேட்டாள்: "அம்மா, பனர் எங்கை?" நான் பெருமையாகச் சுவரைக் காட்டினேன். பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஏணியைக் கடன் தந்தவர் திரும்பக் கொண்டுபோய்விட்டாராம். கழற்ற வழியில்லை. பத்து மணிக்கு ரியூசன் மாஸ்ரர் அந்த அறையைப் பார்க்க வருவாராம். அரை மணித்தியாலம் இருந்தது.

அபி ரோபோவைத் தரையில் வைத்தாள். கறுத்த சீமெந்துத் தரை. அது ஒரே இடத்தில் நின்று துடித்தது. ஒரு சிறுமி எழும்பினாள்.

"அக்கா, வெள்ளைக் கோட்டிலை போகாதோ?"

தனக்குத் தெரியாது என்று இத்தனை பேருக்கு முன்னால் அபி ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. "தெரியேல்லை. வாங்கோ, பாப்பம்" என்றாள். மடிக்கணினியில் எதையோ தலைகீழாக மாற்றினாள். பிள்ளைகள் வகுப்புகளுக்கு ஓடி வெண்கட்டி அள்ளிவந்து தரை முழுக்கக் கோடு கீறினார்கள். ரோபோ ஓடியது! போய், வரவேற்புக்கு வைத்த நிறைகுடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே வரவில்லை. கும்பிடுகிறது என்றார்கள் தாய்மார். பழுதாகிவிட்டது என்றார் சங்கத்து ஐயா. வெற்றியா தோல்வியா என்று தெரியாமல் நான் கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன்.

அதிபர் கதிரையை விட்டு எழும்பினார். "ஏன் உது சுத்துது?"

பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கோட்டை வட்டமாக மூடிவிட்டார்களாம். ஒருவன் காலால் கொஞ்சம் அழித்தான், இன்னொருத்தி வெளியே ஒரு கோடு இழுத்தாள். ரோபோ வெளியே வந்து அதிபரின் சப்பாத்தில் முட்டி நின்றது. அவர் குனிந்து பார்த்தார். "ம்" என்றார். பத்து மணி அடித்தது. அவ்வளவுதான்.

பனரைச் சுவரிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது அந்த "ம்" என்ன என்று சிவம் அண்ணையிடம்கூடக் கேட்டேன். "நல்லதுக்குத்தான் பிள்ளை... எண்டு நினைக்கிறன்" என்றார். கிழமை முழுக்க அதிபரின் பதிலுக்காக அபி என் போனைப் பார்த்தாள்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: ஒரு மணித்தியாலத்தை வரவேற்புக்கென்றே ஒதுக்குங்கள். வெண்கட்டி கொண்டுபோங்கள். பனரில் "இது நிலத்துக்கு" என்று பெரிதாக எழுதுங்கள். அதைவிட, பனரை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்று சனி, காலை ஆறரை. போன் அடித்தது. அதிபர்.

"அம்மா, ஏணி எடுத்து உந்தப் பனரைக் கழட்டியாச்சு. அறைக்குள்ளை நிலத்திலை விரிச்சிருக்கிறம். பிள்ளையள் இப்பவே வந்திட்டினம். இது எங்கையிருந்து துவங்கிறது?"

எனக்குத் தெரியாது. ஓடிப்போய் அபியை எழுப்பிப் போனைக் கையில் கொடுத்தேன்.