இன்னொரு துண்டு

என் கணவர் எதையும் சட்டென்று ஏற்றுக்கொள்கிற ஆள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. போன வருடம் கடையில் இருக்கும்போதே அவருக்கு வலிப்பு வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தோம். மூளையில் கட்டி, ஆனால் மெதுவாக வளரும் வகை என்றார்கள். அறுவை சிகிச்சையில் முடிந்தவரை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த சதையை ஒரு பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மருந்தால் வரும் சேதத்தைக் கட்டி தானே சரிசெய்துகொள்ள ஒரு மரபணு உதவுகிறதாம். அதன்மேல் மெத்தில் என்ற வேதிப்பொருள் ஒட்டியிருந்தால் அந்த மரபணு வாயை மூடிக்கொள்ளும். அப்போது மருந்து நன்றாகக் கேட்கும், ஆயுளும் நீள வாய்ப்புண்டு. டாக்டர் எனக்குப் புரியும்படி இப்படித்தான் சொன்னார்.

ரிப்போர்ட்டில் மெத்தில் இல்லை என்று வந்தது.

அன்றிலிருந்து என் கணவர் வேறு ஆளாகிவிட்டார். வலிப்பு மாத்திரையைக்கூடத் தள்ளிவைத்தார். பீரோவில் எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

“விடு புள்ள, டாக்டரே சொல்லிட்டாக. இருக்குற நாளு நிம்மதியா இருந்துட்டுப் போறேன்.”

எனக்கு வந்ததே கோபம்! அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

அந்தத் தாளை மகளிடம் கொடுத்து ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொன்னேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: கொடுத்த துண்டில் கட்டிச் செல்கள் குறைவு.

மூட்டையின் வாயில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துத் தரம் சொல்கிறவனை எங்கள் பஜாரில் யாரும் வியாபாரியாக மதிக்க மாட்டார்கள். வாய், நடு, அடி என்று மூன்று இடத்தில் கைவிட்டு எடுத்து, தட்டில் பரப்பிப் பார்த்த பிறகுதான் பேச்சே. இருபது வருடமாக அதைச் செய்கிறவள் இந்தத் தாளை மட்டும் எப்படி நம்புவேன்?

மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். “ரிப்போர்ட் குடுத்தாச்சேம்மா” என்றார் லேபில் இருந்தவர். லேப் டாக்டரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் அவர் வந்தார்.

“சார், கட்டியில எந்த இடத்துத் துண்டு இது?”

அவர் உள்ளே போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். ஓரத்துத் துண்டு, அதில் பாதிக்குமேல் நல்ல மூளைச் சதைதான் என்றார். நடுவிலிருந்து எடுத்த துண்டொன்றையும் மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். “அதைப் போட்டிருக்கணும். போடுறேன்மா” என்றார். அவர் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வாரம் வீட்டில் சண்டைதான். வீண் ஆசை வளர்க்கிறேன் என்று அவர் எரிந்து விழுந்தார். மாத்திரையை விழுங்கும்வரை எதிரில் நின்று நானும் திருப்பித் திட்டினேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டுக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மெத்தில் இருந்தது. “நல்ல அறிகுறி. ஆனா இத்தனை வருஷம்னு உத்தரவாதம் தர முடியாது” என்றார் எங்கள் டாக்டர். மருந்து தொடங்க நாள் குறித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் தேனி தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“இதுலயும் இல்லைன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“அப்பவும் இங்கனதான் உக்காந்திருப்பேன், உங்க பக்கத்துல. வேற எங்கன போவேன்?”