கோவளத்தில் ஒரு தெர்மாகோல் ஊர்

ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை என்ற முழு உறுதியோடு இதைத் தொடங்குகிறேன். நம்பாதவர்கள் மேலே படிக்கலாம். நம்புகிறவர்கள் நல்ல டாக்டராகப் பாருங்கள்.

என் மனைவியின் தம்பி சேகர், சினிமாவில் கலை இயக்குநர். வீடு கோவிலம்பாக்கம். போன மாசி மாதம் தன் முதல் படத்துக்காகக் கோவளத்துக்குப் பக்கத்தில், சாலையோரம் ஒரு மீனவத் தெருவையே கட்டியிருந்தான். அதைப் பார்த்த டைரக்டர், "செட்டுன்னு அப்பட்டமா தெரியுது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா பிரிச்சிடு, வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். "மாமா, நீங்க ஒருதரம் வந்து பாருங்களேன்" என்று சேகர் போனில் கிட்டத்தட்ட அழுதான். கலை உலகைக் காக்க நான் புறப்பட்டேன்.

சனிக்கிழமை காலை 8.10க்குத் தாம்பரத்தில் பஸ். டிக்கெட் பத்து ரூபாய். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முப்பது கிலோமீட்டர். வண்டலூரில் பூங்காச் சிங்கம் எனக்காக எழுந்து நின்றது. (பஸ்ஸிலிருந்து எப்படித் தெரிந்தது என்று கேட்பவர்கள் ரசனை கெட்டவர்கள்.) 9.35க்குக் கோவளம். அங்கிருந்து பத்து நிமிட நடை.

ஆறு வீடு, ஒரு டீக்கடை, ஒரு பஸ் நிறுத்தம். எல்லாம் பிளைவுட்டும் பாரிஸ் சாந்தும். சுவருக்கு வயசு ஏற டீத்தூள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தான் சேகர். தெர்மாகோல் வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பூனை, இன்னும் மென்றுகொண்டிருப்பதாகக் கேள்வி.

பத்தே முக்காலுக்கு மீன்கார அக்கா ஒருவர் கூடையோடு வந்து, அந்த நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்தார்.

"அக்கா, இங்க பஸ் நிக்காது. இது சினிமாவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா சார் பேஜாரு பண்ற? இம்மாம் பெரிய ஸ்டாப்பிங்கு கீது, நிக்காம எங்க பூடும்?"

அதற்குள் டைரக்டர் காரும் வந்தது, பின்னாலேயே பஸ்ஸும் வந்தது. அக்கா கை காட்டினார். பஸ் நின்றது! டிரைவர் எட்டிப் பார்த்து, "முப்பது வருஷத்து ஸ்டாப்பிங்கு மாதிரி கீது. இத்தினி நாளா என் கண்ல படலையே!" என்றார். கண்டக்டர், "மச்சான், கண்ணாடியை மாத்து" என்றார். அக்கா கூடையோடு ஏறினார். மூன்று பேர் இறங்கவும் இறங்கினார்கள்.

டைரக்டர் இறங்கி வந்து நிறுத்தத்துத் தூணைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "பிரிக்க வேணாம். நாளைக்கு ஷூட்டிங்" என்றார். சேகர் என்னைக் கட்டிக்கொண்டதில் மூன்று விலா எலும்பு முறிந்து, மாலைக்குள் சேர்ந்துவிட்டன.

படம் இப்போது தேசிய விருதுக்குப் போயிருக்கிறது. முடிவு வரவில்லை. ஆனாலும் சேகர் டெல்லி போகக் கோட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று. எனக்கும் சேர்த்து.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்கு முன்னால் போனால் படகு மீன் கிடைக்கும். தொப்பி அவசியம். செட்டைத் தேடாதீர்கள், படப்பிடிப்பு முடிந்ததுமே பிரித்துவிட்டார்கள்.

சிங்கம், பூனை, விலா எலும்பு எல்லாம் என் கைச்சரக்கு. இது மட்டும் சத்தியம்: அந்த இடத்தில் இப்போது வெறும் மணல்தான். கை காட்டினால் பஸ் நிற்கிறது.