வியாழக்கிழமை போகாத இடம்

டீச்சரக்காவுக்கு அந்தப் பெண்ணைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ஊழியத்துக்கு வந்தவள் இப்படி நினைக்கலாமா என்றால், கூடாதுதான். ஆனால் பொறாமை யாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறது?

ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் டீச்சரக்கா. கடல் தாண்டிப் போய் ஊழியம் செய்வேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்று கிளம்பி வந்தாள். வந்து பதினாலு மாதம் ஆகிறது. மிஷன் வீட்டில் அவள் அறையைப் பார்த்தால் சிரிப்பு வரும். அலமாரி, ஜன்னல், கண்ணாடி, சோப்பு டப்பா என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றின் மேலும் அந்த ஊர் மொழியில் அதனதன் பெயரை எழுதி ஒட்டியிருப்பாள். தினம் முப்பது சொல். பல் தேய்க்கும்போதும் வினைச்சொல்தான். மொழி வாத்தியார் வைக்கும் பரீட்சையில் அவள் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்கியதில்லை.

தெருவில் இறங்கினால் மட்டும் ஒரு ஈ காக்காய்கூட அவளைக் கண்டுகொள்ளாது. கடைக்காரர்களிடம் இலக்கணம் பிசகாமல் நலம் விசாரிப்பாள். அவர்களும் போலீஸ்காரருக்குப் பதில் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பதினாலு மாதத்தில் ஒருவர்கூட 'வந்து உட்காரு' என்று சொன்னதில்லை. இந்த ஊரில் தன்னைத் தேடுகிற ஆள் ஒரே ஒருவராவது வேண்டும், அவளுடைய ஜெபமெல்லாம் அதுதான். வெளியே சொல்ல வெட்கம்.

இந்த லட்சணத்தில், நாலு மாதத்துக்கு முன்னால் அவளுக்குப் புதுத் துணையாக வந்து சேர்ந்தாள் பட்டாசு. வீட்டில் வைத்த பட்டப்பெயர், இங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது. ஊழியத்துக்கு வந்த சகோதரிகள் இரண்டு பேராகத்தான் வெளியே போகவேண்டும், ஒருத்தி கண்ணிலிருந்து இன்னொருத்தி மறையக்கூடாது என்பது மிஷன் வீட்டுச் சட்டம். ஆக, அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிற வரவேற்பையெல்லாம் பக்கத்திலேயே நின்று பார்க்கும் பாக்கியம் டீச்சரக்காவுக்கு.

பட்டாசு பரீட்சையில் வாங்கியது நாற்பத்தொன்று. முட்டை வாங்கப் போய், சொல் தெரியாமல் கோழிபோல் கொக்கரித்துக் காட்டுவாள். கடையே சிரிக்கும், அவளுக்கு நாற்காலி வரும். செருப்புத் தைப்பவர் தன் மருமகளோடு போட்ட சண்டையை அவளிடம் ஆதியோடந்தமாகச் சொல்லுவார். அவளும் உச்சுக் கொட்டிக் கேட்பாள்.

"அவரு சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?" என்று டீச்சரக்கா ஒருநாள் வெடுக்கென்று கேட்டாள்.

"எங்கக்கா புரிஞ்சுது? மூஞ்சியப் பாத்தேன், பாவமா இருந்துச்சு."

டீச்சரக்காவுக்கு அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருந்தது. என்ன பிரயோஜனம், அவளிடம் யார் சொன்னார்கள்? அன்று முழுக்க வயிற்றெரிச்சல்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க அவள் தையற்காரியின் கடையில் நின்றிருந்தாள். எதிர்ச் சாரியில் பட்டாசு செருப்புத் தைப்பவரோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள். தையற்காரி மெஷினை நிறுத்திவிட்டுச் சன்னமான குரலில் சொன்னாள்.

"வியாழக்கிழமை காலைல எம்பொண்ணுக்கு ஆபரேஷன். எனக்குன்னு வேற யாரும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்து கூட உட்கார்ந்தா தேவலை."

பட்டாசைத்தான் வரச் சொல்கிறாள், வேறு யாரை? டீச்சரக்காவுக்கு அதில் சந்தேகமே எழவில்லை. தூது போக மட்டும் நானா என்று நெஞ்சு குமுறியது. தலையை ஆட்டிவிட்டுச் சட்டையோடு வந்துவிட்டாள். பட்டாசிடம் மூச்சு விடவில்லை. வியாழக்கிழமை காலையில் இருவரும் அறையில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள்.

சனிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது தையற்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பட்டாசு இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். மெஷின்தான் கடகடவென்று ஓடியது.

"நான்தான் ஏதோ தப்பாப் பேசிட்டேன் போலக்கா. அர்த்தம் தெரியாம உளறி வச்சிருக்கேன்" என்று வழியெல்லாம் புலம்பினாள். அதற்கப்புறம் தெருவில் வாயே திறக்கவில்லை. செருப்புத் தைப்பவர் கூப்பிட்டாலும் ஒரு கும்பிடு, அவ்வளவுதான். சாயங்காலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வினைச்சொல் மனப்பாடம் செய்தாள். டீச்சரக்கா ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. சோறுதான் இறங்கவில்லை. மூன்று நாள் தாக்குப்பிடித்தாள்.

நாலாம் நாள், தையற்காரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். தனியாகப் போய்ச் சொன்னால் மானம் பாதியாவது மிஞ்சும். ஆனால் தனியாகப் போக ஏது வழி? பட்டாசையும் கூட்டிக்கொண்டு போய், அவள் முன்னாலேயே சொல்லவேண்டியதாயிற்று.

"நீங்க சொன்னத நான் இவகிட்ட சொல்லவே இல்ல. பொறாமை. எல்லாரும் இவளத்தானே தேடுறீங்க? தாங்க முடியல, மறைச்சுட்டேன்."

பட்டாசு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தையற்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"பொண்ணு நல்லா இருக்கா" என்றாள் முதலில். பிறகு டீச்சரக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"இவகிட்ட எதுக்குச் சொல்லணும்? இவ வந்தா பேசிக்கிட்டே இருப்பா. அன்னைக்குப் பேச எனக்குத் தெம்பு ஏது? பேசாம பக்கத்துல உட்கார ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு. நான் உன்னத்தான் கூப்பிட்டேன். பத்து மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."